கூட்டம் உண்டு, பெயர் இல்லை
மூத்த கலைஞரைத் தேடிக் கூடும் ரசிகர்கள்: மிஸிசிப்பியிலிருந்து பொகவந்தலாவை வரை

1962 ஒக்டோபர் 21. இளைஞர் கூட்டமொன்று லண்டனிலிருந்து வேன் ஏறி வடக்கே மன்செஸ்டருக்குப் போனது. அங்கே ஃப்ரீ ட்ரேட் மண்டபத்தில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் கச்சேரி. ஜோன் லீ ஹூக்கர், டி-போன் வோக்கர், மெம்ஃபிஸ் ஸ்லிம், வில்லி டிக்சன் என்று இசைத்தட்டு உறையில் மட்டும் பார்த்திருந்த பெயர்கள் ஒரே மேடையில் உயிரோடு வந்து நிற்கப்போகும் நாள் அது. போனவர்களில், பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவால் புகழ்பெற்ற மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பிரையன் ஜோன்ஸ் மூவரும் இருந்தார்கள். பின்னாளில் லெட் செப்பெலின் குழுவை அமைத்த ஜிம்மி பேஜும் அதே மண்டபத்தில் இருந்தார். அன்றைக்கு அவர்கள் யாரும் பிரபலமில்லை. ஒரே இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிக் கேட்டவர்கள், கையிலிருந்ததைப் போட்டுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள், அவ்வளவுதான்.

மூத்த கிற்றார் கலைஞர் ஒருவரின் கச்சேரிக்கு ரசிகர்கள் பேசிவைத்துக்கொண்டு போவது மேலுக்குப் பார்த்தால் பொழுதுபோக்கு. யார் டிக்கட் எடுப்பது, எங்கே சந்திப்பது, இரவு எப்படித் திரும்புவது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ப்ளூஸின் வரலாற்றில் இந்தச் சந்திப்புகள் கலைஞர்களின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டிருக்கின்றன. அந்த இசை பிறந்தது பருத்தித் தோட்டத்தில். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பாட்டும் தாளமும் நம்மிடம் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. கூட்டம் கூடுவதில் மலையகம் யாருக்கும் குறைந்ததில்லை. அப்படியிருந்தும் நம் மூத்த கலைஞரைப் பெயர் சொல்லித் தேடிவரும் ரசிகர் ஏன் உருவாகவில்லை?

தேடிப்போன ரசிகர்கள்

1928இல் மிஸிசிப்பி ஜோன் ஹர்ட் என்ற விவசாயத் தொழிலாளி சில பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்தார். தட்டுகள் அதிகம் விற்கவில்லை. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. அவர் ஊருக்குத் திரும்பி மாடு மேய்த்து, நிலம் கொத்திப் பிழைத்தார். முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, 1963இல், டொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளம் ரசிகர் அந்தத் தட்டுகளில் ஒன்றில் அவலோன் என்ற ஊர்ப் பெயர் வருவதைக் கவனித்தார். புதிய வரைபடங்களில் அந்த ஊர் இல்லை. பழைய வரைபடமொன்றில் கண்டுபிடித்துப் போய் விசாரித்தால், ஹர்ட் அங்கேயே இருந்தார். எழுபது வயதைத் தொட்டிருந்த மனிதர். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் ஏறினார். 1966இல் இறக்கும்வரை நாடெங்கும் அவருக்குக் கச்சேரிகள் இருந்தன.

1964இல் இன்னும் இரண்டு பழைய ப்ளூஸ் பாடகர்களைப் பற்றிய தேடல்கள் பலித்தன. கிற்றார் கலைஞர் ஜோன் ஃபேஹியும் நண்பர்களும் ஸ்கிப் ஜேம்ஸைத் தேடிப்போய் மிஸிசிப்பியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டார்கள். வேறு மூன்று ரசிகர்கள் சன் ஹவுஸைத் தேடித் தென்மாநிலங்களில் அலைந்தார்கள். அவர் இருந்ததோ வடக்கே, நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில். கிற்றாரைத் தொட்டே பல ஆண்டாகியிருந்தது. தன் பாட்டுகளைக்கூட மறந்திருந்தார். அலன் வில்சன் என்ற இளைஞர் பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய வாசிப்பைக் கற்றுவைத்திருந்தார். அந்த இளைஞர் கிழவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவர் முன்னர் வாசித்ததை அவருக்கே வாசித்துக் காட்டினார். விரல்களுக்குப் பழக்கம் திரும்பியது. 1965இல் சன் ஹவுஸின் புதிய இசைத்தட்டு வெளிவந்தது.

ரசிகர் என்பவர் கைதட்டுகிறவர் மட்டுமல்ல, நினைவை வைத்திருப்பவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே சமயம் இந்தத் தேடலை முழுக்க அன்பாகவே எழுதிவிடவும் முடியாது. தேடிப்போனவர்கள் பெரும்பாலும் படித்த வெள்ளை இளைஞர்கள். ஒப்பந்தம் அவர்கள் கையில் இருந்தது. வருமானப் பங்கீட்டில் சண்டைகள் வந்தன. கலைஞர் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்துவைத்திருந்தார்கள். 1958இல் ப்ளூஸ் கலைஞர் மடி வோட்டர்ஸ் மின் கிற்றாரோடு இங்கிலாந்து மேடையேறியபோது, மரக் கிற்றாரோடு ஒரு கிராமத்து மனிதரை எதிர்பார்த்துப் போன சிலர் முகம் சுளித்தார்கள். 1963இல் அவர் மரக் கிற்றாரோடு வந்தார். அதற்குள் கூட்டத்தின் ருசி மாறி, மின் கிற்றார் எங்கே என்று கேட்டது. கலைஞரிடம் எது வேண்டும் என்று கேட்காமல் ரசிகர் தன் விருப்பத்தைச் சுமத்தினால் இதுதான் நடக்கும்.

பருத்தியும் தேயிலையும்

மிஸிசிப்பி டெல்டாவில் டொக்கரி தோட்டம் 1895இல் தொடங்கியது. சார்லி பட்டன் என்ற முன்னோடி வளர்ந்தது அங்கேதான். குத்தகை விவசாயிக்கு விதையும் மாவும் துணியும் முதலாளி முன்கடனாகத் தருவார். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கங்காணி கொடுத்த முன்பணம், கடன் தொகையை எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை என்று அதே கயிறு இங்கேயும் கழுத்தில் கிடந்தது. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்.

பாட்டும் அதே மாதிரி வேலையிலிருந்து வந்தது. அங்கே வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் பதில் கொடுப்பார்கள். இங்கே கொழுந்து மலையில் நிரை பிடித்து நிற்கிற பெண்கள் பாடினார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கப்பலேறி வந்த கதையும் கங்காணியின் கொடுமையும் ஏறின. இவற்றைத் தேடித் தொகுத்தவர்களில் முதன்மையானவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). அரசியல் மேடையிலும் பாட்டு இருந்தது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடி ஆட்களைக் கூட்டினார். பேச்சைக் கேட்க வராதவர்கள் பாட்டைக் கேட்க வந்தார்கள்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டெல்டாப் பாடகர்களின் குரல் 1920களிலேயே அவரவர் பெயரோடு இசைத்தட்டில் ஏறியது. 1941இல் அலன் லோமக்ஸ் ஸ்டோவல் தோட்டத்துக்குப் பதிவுக் கருவியோடு போய், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வோட்டர்ஸைப் பாடவைத்தார்; இரண்டு ஆண்டில் அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். நம் பாட்டு அச்சில் ஏறியபோது பெரும்பாலும் ‘நாட்டார் பாடல்’ என்ற தலைப்பின் கீழ் ஏறியது. பாடிய ஆத்தாவின் பெயர் ஏறவில்லை. பெயரில்லாத பாட்டை விரும்பலாம். பாடியவரைத் தேடிப் போக முடியாது. ஹொஸ்கின்ஸுக்கு ஒரு பெயரும் ஓர் ஊரும் கிடைத்தன. நமக்கு ஊர் மட்டும்தான் மிஞ்சியது.

அந்த ஊரும் கலைந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. போனவர்களில் பாடகரும் கூத்தாடிகளும் தப்புக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கேட்போரும் இருந்தார்கள். ஒரு தோட்டத்தின் காமன் கூத்தில் ரதியாக ஆடியவர் நீலகிரிக்கும் மன்மதனாக ஆடியவர் வவுனியாவுக்கும் பிரிந்தபின், அந்த ஆட்டத்தை நினைவில் வைத்திருந்த கூட்டம் மறுபடி ஒன்றாகவில்லை.

பொகவந்தலாவைக்கு ஏற்கனவே வரும் ரசிகர்கள்

பெயரின் வலிமைக்குச் சான்று தேடி மிஸிசிப்பிக்குப் போக வேண்டியதில்லை. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. அதில் துயில்பவர் ஜூலியா மார்கரெட் கமரோன், 19ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கெயார்ன் தோட்டத்தில் இறந்தார். புகைப்படக் கலையில் பித்துள்ளவர்கள் இன்றும் ஹட்டனில் இறங்கி, நோர்வூட் வழியாக வளைந்து வளைந்து வந்து அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது ரசிகர் பயணம் அல்லாமல் வேறென்ன?

கமரோன் இங்கே உள்ளூர் மக்களையும் படமெடுத்தார். அந்தப் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர் டெனிசனுக்கும் விஞ்ஞானி டார்வினுக்கும் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்தவர்களில் பெரும்பாலானோர் ‘ஒரு பெண்’, ‘ஒரு கூட்டம்’ என்றே நிற்கிறார்கள். படமெடுத்தவரின் பெயர் 145 ஆண்டுக்கு மேலாகியும் ஆட்களைப் பொகவந்தலாவைக்கு இழுக்கிறது. படத்திலிருப்பவரைத் தேடி யாரும் வர வழியில்லை.

கச்சேரிக்குப் போவதென்றால்

இன்றைக்கு ஓர் உலகப் புகழ்பெற்ற ப்ளூஸ் கலைஞரைக் கேட்க வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்து மேடை மும்பை. 2011இலிருந்து பாந்த்ராவின் மெஹ்பூப் ஸ்டூடியோவில் மஹிந்திரா ப்ளூஸ் விழா நடந்துவந்தது. முதலாண்டிலேயே வந்த அமெரிக்கக் கிற்றார் கலைஞர் படி கை, 2023 பெப்ரவரியில் தன் விடைபெறும் சுற்றுப்பயணத்திலும் வந்தார். அப்போது அவருக்கு வயது 86. லூசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பருத்தி பறித்து, ஜன்னலின் கொசுக்கம்பியை உருவிக் கட்டி இசை பழகியவர். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் ரசிகர்கள் அந்த விழாவுக்கென்று விடுமுறை போட்டு வந்தார்கள். ஷில்லாங்கின் ‘சோல்மேட்’ குழு அதே மேடையில் வாசித்தது. மலைநாட்டுக்காரர்களாலும் இந்த இசையில் பெயரெடுக்க முடியும் என்பதற்கு அவர்களே ஆதாரம்.

மும்பை இருக்கட்டும். கொழும்பில் ஒரு சனிக்கிழமை மாலை கிற்றார்க் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். பொகவந்தலாவைக்காரர் ஐந்து பேர் போக நினைக்கிறார்கள்: ஓர் ஆசிரியர், இரண்டு ஏ.எல். பையன்கள், கொழுந்து பறிக்கும் ஒரு பெண், புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் அவளுடைய தம்பி. சனிக்கிழமை மலையில் வேலை உண்டு. காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு வராவிட்டால் நாட்கூலிக்கான பேர் விழாது; பாதியில் இறங்கினால் அரைப்பேர். 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. போன பேரோடு டிக்கட், பஸ், சாப்பாட்டையும் கூட்டினால் ஒரு மாலைப்பொழுதின் விலை பல நாள் உழைப்பு. பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து ரயில், அல்லது கினிகத்தேனை, அவிசாவளை வழியே கொழும்பு பஸ். மழைக்காலமானால் எங்காவது மண் சரிந்து பாதை அடைபடும் பயம். கச்சேரி முடிகிற நேரத்தில் திரும்ப பஸ் கிடையாது. வேன் பிடிக்க வேண்டும், அல்லது தம்பி தங்கியிருக்கும் அறையில் பையன்கள் படுக்கலாம். அக்காள் எங்கே தங்குவாள்? பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும், ‘நீங்க போயிட்டு வாங்க’ என்று அவள் விலகிவிடுவாள்.

வேனில் மன்செஸ்டர் போன பையன்களுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. ரசனை எல்லோருக்கும் பொது. ரசிகர் சந்திப்பு அப்படியல்ல. ஓய்வு நாள், கைக்காசு, இரவுப் பயணம், தங்குமிடம் நான்கும் உள்ளவருக்கே அது வாய்க்கிறது. மிஸிசிப்பித் தோட்டத்தில் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரும் நியூபோர்ட் விழாவுக்குப் போகவில்லை. போனது அவர்களுடைய பாட்டு மட்டுமே.

போய்ச் சேர்ந்தாலும் எல்லாம் சுகமில்லை. 2023 செப்டெம்பர் 10இல் சென்னைக்கு வெளியே நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில், டிக்கட் வாங்கிய பலர் உள்ளேயே போக முடியாமல் நெரிசலில் சிக்கித் திரும்பினார்கள். 2024 பெப்ரவரி 9இல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரியின்போது கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு மேடைப் பக்கம் பாய்ந்தது. தொலைவிலிருந்து வருகிறவர்கள் டிக்கட்டோடு இன்னும் சிலவற்றையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்: வாசலுக்கு வெளியே சந்திக்கும் இடம், தொலைபேசி வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது, முடிவதற்குக் கொஞ்சம் முன்னரே கிளம்புவதா என்பது.

நாம் கூடுகிற கூட்டங்கள்

தோட்டத்துக்காரருக்குக் கூட்டம் கூடுவது புதிதல்ல. தேர்த் திருவிழா வந்தால் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் பிள்ளைகுட்டியோடு வருவாள். லயத்துக் காம்பராவில் படுக்க இடமில்லாமல் இஸ்தோப்பிலும் பாய் விரியும். வீட்டுக்கு வீடு வரி தண்டி, நோட்டீஸ் அடித்து, ஒலிபெருக்கி பேசி, ஒரு கமிட்டி எல்லாவற்றையும் நடத்தும். இதைவிடக் கச்சிதமான ரசிகர் சந்திப்பு ஏற்பாடு எந்த நகரத்திலும் இல்லை.

வானொலிக் காலத்திலும் இந்தப் பழக்கம் வேறு வடிவில் இருந்தது. இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதி, தோட்டத்துப் பெயரோடு தம் பெயர் வாசிக்கப்படுவதற்குக் காத்திருந்தவர்கள் மலையகமெங்கும் இருந்தார்கள். ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் கிற்றாரும் பைலாத் தாளமுமாகப் பொப் இசையைக் கொண்டுவந்தபோது, அந்தப் பாட்டுகள் லயங்களிலும் ஒலித்தன. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் இறந்தபோது ஒரு தலைமுறையே தன் இளமையைப் பேசியது.

ஆனால் நம் சொந்தக் கலைஞர்? மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்ட இரவிலிருந்து தப்பு முழங்குகிறது. பொகவந்தலாவைப் பனியில் தோல் தளர்ந்துவிடும். தப்புக்காரர் அடிக்கடி ஒதுங்கி, சருகும் காகிதமும் போட்டு நெருப்பு மூட்டி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார். விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் ‘கண்’ என்று எழும்பியபின்தான் கூட்டத்துக்குள் வருவார். கிற்றாரின் நரம்பை முறுக்கிச் சுருதி சேர்ப்பதற்கு எந்த விதத்திலும் குறையாத காது அது. கூட்டம் அந்த அடிக்கு ஆடும். அடித்தவர் யார் என்று அடுத்த தோட்டத்தில் கேட்டால் ‘தப்பு அடிக்கிறவரு’ என்பார்கள்.

இதற்குச் சாதிதான் முதற் காரணம். தப்பு சாவு வீட்டோடும் பெரட்டோடும் கட்டப்பட்டு, சில குடும்பங்களின் தலையில் கடமையாகச் சுமத்தப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அதைத் தொட மறுத்தால் குற்றம் அவர்களுடையதல்ல. ப்ளூஸையும் அதன் சொந்த மக்களில் ஒரு பகுதியினர் பிசாசின் பாட்டு என்று ஒதுக்கினார்கள்; பிரசங்கியாராக இருந்த சன் ஹவுஸ் வாழ்நாள் முழுதும் தேவாலயத்துக்கும் கிற்றாருக்கும் நடுவில் அல்லாடினார். இசைக்கு மதிப்பு வந்தது, கலைஞரைப் பெயர் சொல்லி அழைத்து, மேடை கொடுத்து, கூலி கொடுத்த பிறகுதான். தப்பை மட்டும் மேடையேற்றி, அதை அடித்த மனிதரைப் பழைய இடத்திலேயே நிறுத்துவது மரியாதையாகாது.

கலைஞர் ஊருக்கு வருவது

பி.பி. கிங் மிஸிசிப்பியின் இந்தியானோலாவுக்குப் பக்கத்தில் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். 1946இல் டிராக்டரை உடைத்துவிட்டு, முதலாளிக்குப் பயந்து மெம்ஃபிஸுக்கு ஓடினார். உலகப் புகழ் வந்தபின், கொல்லப்பட்ட உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் நினைவாக ஆண்டுதோறும் ஊருக்குத் திரும்பி, பல பத்தாண்டுகள் திறந்த வெளியில் இலவசமாக வாசித்தார். வெளியூர் ரசிகர்களும் அந்த நாளுக்கு வந்தார்கள். ஆனால் முன்னால் நின்றது ஊர்ச் சனம். 2008இல் அங்கே அவர் பெயரில் அருங்காட்சியகம் எழுந்தது. 2015இல் அவர் அதே வளவில் அடக்கம் செய்யப்பட்டார். படி கை வேறு வழியில் அதையே செய்தார். 1989இல் சிகாகோவில் தனக்கென்று ஒரு மண்டபம் திறந்து, ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கேயே வாசித்தார். ரசிகருக்கு நாளும் இடமும் மாறாமல் தெரிந்திருந்தன.

தமிழ்நாட்டிலும் இந்த முறை பழக்கமானதே. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்கும் சென்னையின் மார்கழிக் கச்சேரிகளுக்கும் கடல் கடந்து ஆட்கள் வருவது, தேதி முன்கூட்டியே தெரிவதால்தான். நமக்கோ தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. நோட்டீசில் கலைஞரின் பெயர் மட்டும் இல்லை. பூசகர், தலைவர், செயலாளர், பொருளாளர், அன்னதான உபயகாரர், வெளியூர் இசைக்குழு எல்லோருக்கும் இடமுண்டு. கூத்து வாத்தியாருக்கும் தப்பு ஆசானுக்கும் இல்லை.

ஒரு தோட்டத்துக் கமிட்டியே இதைத் திருத்தலாம். அடுத்த மாசிக் கூத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது வாத்தியாரின் பெயரையும் தப்பு ஆசானின் பெயரையும் அவர்கள் தோட்டத்துப் பெயரோடு பெரிய எழுத்தில் போடலாம். கைப்பேசியில் பதியும் பிள்ளைகள் பெயர், தோட்டம், தேதி மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவைக்கலாம். வெளியூர் இசைக்குழுவுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே பேசி அவர்களுக்குக் கொடுக்கலாம். என்ன அடிக்க விருப்பம், எது வேண்டாம் என்று அவர்களிடமே கேட்கலாம். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று ஆசான் சொன்னால் அதை ஏற்க வேண்டும். இப்படி நாலைந்து ஆண்டு தவறாமல் நடந்தால், நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் ஆட்கள் அந்தப் பெயருக்காகவே வருவார்கள். கொழுந்து மலையிலிருந்து இறங்கும் அக்காளுக்கும் அன்றைக்கு வேன் பிடிக்கத் தேவையிருக்காது. அவளால் நடந்தே வர முடியும்.